ரப்பர் பாலில் ஒட்டிய பார்டர்

சிஞ்சு செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். ரோஜாப்பூப் போட்ட ஒரு சாண் அகலக் காகிதப் பார்டரை மைதாப் பசையில் ஒட்டாமல் ரப்பர் பாலில் ஒட்டிவிட்டாள். தேயிலைக்காட்டில் பிறந்த எவளும் அப்படிச் செய்யமாட்டாள். மலைமேல் சுவரில் ஒரு மாதா படம் ஒட்ட வேண்டுமென்றால் மைதாவைக் கிண்டி, பூச்சி அரிக்காமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவார்கள். அடுத்த ஆடி மழையில் அது தானாக வாயைப் பிளந்துகொண்டு கீழே விழும். கூட்டித் தள்ளினால் ஆயிற்று. சிஞ்சு தொடுபுழைக்குக் கீழே ரப்பர் வெட்டுகிற குடும்பத்தில் பிறந்தவள். அவள் வீட்டில் செருப்பு பிய்ந்தாலும் ரப்பர் பால், குடை கிழிந்தாலும் ரப்பர் பால், பைபிள் அட்டை கழன்றாலும் ரப்பர் பால். கல்யாணமான முதல் கிறிஸ்துமஸுக்கு அம்மா வீட்டுக்குப் போனவள், உறையாமலிருக்க அமோனியா கலந்த பாலை ஒரு பாட்டிலில் அடைத்து எடுத்துவந்து, புருஷன் டிஜோ பெஞ்சைப் பிடித்துக்கொள்ள, படுக்கிற அறையின் நாலு சுவரிலும் கதவு உயரத்துக்குச் சுற்றி ஒட்டிவிட்டாள்.

மூன்று ஆடி வந்து போயிற்று. எஸ்டேட் ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்துக் கூரை ஒழுகியது, சுவரில் பச்சைப் பாசி பிடித்தது, சூசையப்பர் படம் கூட ஒருநாள் ஆணியோடு விழுந்தது. ரோஜா மட்டும் அசையவில்லை. மாமியார் பிலோமிக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"ஒட்டுனா ஒட்டுனதுதான். போக மாட்டேங்குது பாரு. கொண்டாந்தவ மாதிரியே" என்பாள், அந்த அறை வாசலைத் தாண்டும்போதெல்லாம்.

இந்த நாலாவது ஆடி கடைசியோடு பிலோமிக்கு வேலை முடிகிறது. முப்பத்திநாலு வருஷம் கொழுந்து கிள்ளியாயிற்று. எஸ்டேட் வழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வேலை முடிந்தவள் பேர் பெரட்டுப் புத்தகத்திலிருந்து எடுபடும். தினமும் காலையில் ஆள் கணக்கெடுத்து மலைக்கு அனுப்புகிற இடத்துக்குப் பெரட்டுக்களம் என்று பேர். அந்தப் புத்தகத்தில் பேர் உள்ளவளுக்குத்தான் லயத்து வீடு. எடுபட்ட இடத்தில் அதே வீட்டிலிருந்து இன்னொருத்தி பேர் ஏறினால் வீடு தங்கும். ஏறாவிட்டால் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு மலை இறங்க வேண்டியதுதான். ஏறுகிற பேர் ஒன்றே ஒன்று. யார் பேர் ஏறுகிறதோ வீடு அவளுடையது.

அதற்கு இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி சிஞ்சு. இன்னொருத்தி பிலோமியின் மகள் ஜிஸ்மி. கஞ்சிக்கோட்டில் கட்டிக்கொடுத்து, புருஷன் சரியில்லாமல் வெளியே வந்து, அங்கேயே ஒரு கம்பெனியில் பெட்டிக்கு டேப் ஒட்டுகிற வேலை பார்த்துக்கொண்டு ஒரு அறையில் நாலு வடக்கத்திப் பெண்களோடு கிடக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அம்மாவுக்குப் போன் போட்டு அழுவாள். பெற்ற வயிறு பற்றி எரியத்தானே செய்யும், அதைக் குற்றம் சொல்ல முடியாது.

ஆனால் டிஜோ இந்த ஒரு விஷயத்தில் மட்டும் முதுகெலும்போடு நின்றான். மூணாறுக்கும் வட்டவடைக்கும் ஜீப் ஓட்டுகிறவன். சனிக்கிழமை சாயங்காலம் வந்து ஞாயிறு பூசை பார்த்துவிட்டுத் திரும்புகிறவன். "சிஞ்சு பேரப் போடலேன்னா நான் வட்டவடையிலயே ஒரு ரூம் பாத்துக்கிட்டுப் போயிருவேன். அப்புறம் என்னைய இந்தப் பக்கம் எதிர்பார்க்காதீங்க" என்றான். அப்பா அமிர்தநாதனும் பையன் பக்கம் தலையாட்டினார். பிலோமி ஒரு வார்த்தை பேசாமல் பேர் மாற்றக் கேட்கிற அபேட்சைத் தாளை வாங்கி, மருமகள் பேருக்கு நேராகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள். அவள் மறுபேச்சில்லாமல் ஒன்றுக்குச் சம்மதித்து அந்த லயத்தில் யாரும் பார்த்ததில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சிஞ்சுவுக்குச் சந்தேகப்பட நேரமில்லை, சந்தோஷப்படவே நேரம் போதவில்லை.

ஏனென்றால் அவள் பிறந்ததிலிருந்து இருந்ததெல்லாம் இன்னொருத்தர் கொட்டகை. முதலாளி மாறினால் இறங்கு, மரம் வெட்டினால் இறங்கு என்று ஏழு வீடு மாறியவள். கட்டிக்கொண்டு வந்த இடத்திலும் குழம்பில் உப்புக் கூடினால்கூட, "இது என் வீடு, பிடிக்கலேன்னா எறங்கு" என்பதுதான் பேச்சு. இனி அந்தச் சொல்லை யாரும் சொல்ல முடியாது. புத்தகத்தில் பேர் ஏறட்டும், அப்புறம் உப்பு கூடினாலும் குறைந்தாலும் என் வீடு என்று மனசுக்குள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் பிலோமி மலைக்குக் கிளம்பும்போது, மழைக்குத் தலையோடு போர்த்துகிற பிளாஸ்டிக் கொங்காணியை மாட்டிக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

"சனிக்கெழம ஆபீசர் வீடு பாக்க வாராரு. தெரியும்ல?"

"தெரியும் அத்தை."

"பேரு மாத்துறதுக்கு முந்தி செவுரு, தரை, அடுப்பு எல்லாம் பாப்பாங்க. எஸ்டேட் செவுத்துல என்னத்தையாச்சும் ஒட்டிக் கெடுத்து வச்சிருந்தா எழுதிட்டுப் போயிருவாங்க. போன வருஷம் மேல் லயத்துல சோலை வீட்டுல ஆணி அடிச்ச ஓட்டைக்கே மூணு மாசம் இழுத்தடிச்சாங்க."

சிஞ்சு ரோஜாவைப் பார்த்தாள். நாலு சுவரும் சேர்த்து நாற்பது அடிக்குக் குறையாது.

"இன்னைக்கே எடுத்துருதேன் அத்தை."

"எடுத்துட்டா உனக்கு நல்லது. எனக்கென்ன, நான் எறங்குறவ" என்று சொல்லிவிட்டுப் பிலோமி மழையில் இறங்கினாள்.

மேல் காகிதம் ஒழுங்காகத்தான் வந்தது. பெஞ்சில் ஏறி, ஒரு முனையை நகத்தால் கிளப்பி இழுத்தால் பூ போட்ட வழுவழுப்பான தோல் நீளநீளமாக உரிந்தது. ஒரு மணி நேரத்தில் ரோஜா முழுக்கத் தரையில் கிடந்தது. பின்னால் வெள்ளைக் காகிதம் சுவரோடு இருந்தது. அதற்கு வெந்நீர். அடுப்பு விறகு ஈரம், ஊதி ஊதிக் கண் எரிந்ததுதான் மிச்சம். துணியை வெந்நீரில் நனைத்துச் சுவரில் ஒத்தி, கால்மணி நேரம் ஊறவைத்து, உடைந்த கொழுந்துக் கத்திரியின் ஒரு அலகை எடுத்துச் சாய்த்துச் சுரண்டினாள். காகிதம் கூழாகக் கீழே விழுந்தது. சாயங்காலம் பார்த்தால் காகிதமெல்லாம் போய்விட்டது, பால் மட்டும் இருக்கிறது. பழுப்பேறி, பிசுபிசுவென்று, நாலு சுவரிலும் ஒரு சாண் அகலத்துக்கு ஒரு அழுக்குப் பட்டை. பூ இருந்தபோதாவது பார்க்க லட்சணமாக இருந்தது.

புதன்கிழமை அவள் தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினாள். ரப்பரை எடுக்க ரப்பர்தான். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் லேசாகத் துடைத்தால் பால் உப்பும். உப்பியதைக் கட்டைவிரலால் தேய்த்தால் திரி திரியாக உருளும். உருண்டதையெல்லாம் சேர்த்து ஒரு உருண்டையாகப் பிடித்து, அந்த உருண்டையாலேயே மறுபடி சுவரைத் தேய்த்தால் மிச்சத்தை அது இழுத்துக்கொள்ளும். சுவருக்கும் கேடில்லை, கைக்கும் கேடில்லை. அவள் அப்பா இப்படித்தான் பால் சிந்திய தரையைச் சுத்தம் செய்வார். என்ன, பொறுமை வேண்டும். புதன் முழுக்கத் தேய்த்ததில் நாலடி சுத்தமாயிற்று. மிச்சம் முப்பத்தாறு.

சாயங்காலம் வந்து பார்த்த பிலோமி சிரித்தாள்.

"இந்தப் போக்குல போனா ஓணத்துக்கு முடிச்சிருவ."

"நல்லா வருது அத்தை. சுவத்துல ஒரு கீறல் இல்ல பாருங்க."

"கீறலு இல்ல, சரி. சனிக்கெழமைக்கு ஆபீசரு வந்து நாலடி செவுத்தையா பாத்துட்டுப் போவாரு?"

சிஞ்சு உருண்டையை மறுபடி சுவரில் வைத்துத் தேய்த்தாள். கணக்குப் போட்டால் அத்தை சொல்வதுதான் சரி. அந்த மனுஷியிடம் ஒரு கெட்ட குணம், கடுப்பாகச் சொல்வதெல்லாம் சரியாகவே இருந்து தொலைக்கும்.

வியாழக்கிழமை பிலோமி வேலைக்குப் போகவில்லை. முதுகுவலி என்று சொல்லிவிட்டுப் பரண்மேல் ஏறி, ஒரு பழைய போர்ன்விட்டா டப்பாவை இறக்கினாள். உள்ளே வெள்ளையாக, சோப்புச் சீவல் மாதிரி இருந்தது. அமிர்தநாதன் பேக்டரியில் மெஷின் கழுவுகிற வேலை பார்த்த காலத்தில் கொண்டுவந்தது. தேயிலை அரைக்கிற உருளையில் கறுப்பாகப் பிடிக்கிற பிசினை எடுக்க அதைத்தான் போடுவார்கள்.

அமிர்தநாதன் திண்ணையில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர், டப்பாவைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்தார்.

"அது காஸ்டிக் சோடால்ல. அத எதுக்கு எடுத்த?"

"செவுத்துக்குத்தான். அடில இருக்குற ஆயில் பெயிண்டோட சேத்து உரிச்சுக்கிட்டு வந்துரும்."

"உரிக்கும், உரிக்கும். ஆனா நாங்க முட்டி வரைக்கும் கையொற போட்டுத்தான்—"

"கஞ்சி ஆறுது. குடிங்க."

அவர் மனைவி முகத்தைப் பார்த்தார். பிறகு தட்டை எடுத்துக் குடித்தார். முப்பது வருஷமாக அந்த முகத்தைப் பார்த்து எத்தனையோ பேச்சை விழுங்கியவருக்கு இது இன்னொரு பேச்சு. விழுங்கினார், கூடவே ஊறுகாயும் தொட்டுக்கொண்டார். அந்த மனுஷனை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

சிஞ்சு காதிலும் அது விழுந்தது. அவள் ஒன்றும் மக்கு இல்லை. "கையொற வேணுமா அத்தை?" என்று கேட்டாள்.

"ரெண்டு கவர கைல மாட்டி நூல் கட்டிக்கடி. கொஞ்சமாத்தானே கரைக்கப்போற. தொட்டுப் பாரு, சோப்புத் தண்ணி கணக்கா வழுவழுன்னுதான் இருக்கும்."

பிலோமியே வாளியில் கரைத்துக் கொடுத்தாள். எத்தனை கை போட்டாள் என்று சிஞ்சு பார்க்கவில்லை. துணிக்கடைக் கவர் இரண்டைக் கையில் மாட்டி மணிக்கட்டில் நூல் சுற்றிக்கொண்டு பெஞ்சில் ஏறினாள். தண்ணீரைப் பட்டையில் தடவி, பத்து நிமிஷம் விட்டு, அலகை வைத்து ஒரு தள்ளு தள்ளினால் பழுப்புப் பால், அடியிலிருந்த பச்சை ஆயில் பெயிண்ட், அதற்கடியில் வெள்ளைக்காரன் காலத்துச் சுண்ணாம்பில் ஒரு பொருக்கு எல்லாம் சேர்ந்து ஒரே தோலாகச் சுருண்டு விழுந்தது. அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. இரண்டு நாள் பட்ட பாட்டை நினைத்து, இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா இந்த அத்தை என்று செல்லமாக அலுத்துக்கொண்டாள்.

வேலை தலைக்கு மேலே. துணியைப் பிழியும்போதெல்லாம் தண்ணீர் கையோடு வழிந்து, நூல் கட்டின இடுக்கில் புகுந்து கவருக்குள் நின்றது. மத்தியானத்துக்குள் அலகு பட்டுக் கவர் கிழிந்தும் போயிற்று. எரிந்திருந்தால் விட்டிருப்பாள். அந்தச் சனியன் உடனே எரிவதில்லை. ஆடிக் குளிரில் கை ஏற்கெனவே மரத்திருந்தது. உள்ளங்கை வழுக்கிற்று, அவ்வளவுதான். வழுக்கியது சோப்பு இல்லை, அவள் தோல் கரைந்து வழுக்குகிறது என்று யார் அவளுக்குச் சொல்வது. தெரிந்தவர்கள் இரண்டு பேரும் வீட்டில்தான் இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது கை வீங்கியிருந்தது. விரல் நுனியெல்லாம் வெள்ளையாக ஊறி, கட்டைவிரலடியில் தோல் சுருண்டு சிவப்பு தெரிந்தது. பாதிச் சுவர் பாக்கி. சிஞ்சு அடுப்படியில் உட்கார்ந்து கையை முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"அத்தை, இது சரியில்ல போல. ரொம்பக் காந்துது."

பிலோமி கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தேங்காய் எண்ணெயை எடுத்துவந்து, ஒவ்வொரு விரலாகத் தடவிவிட்டாள். இந்த மூன்று வருஷத்தில் அவள் சிஞ்சுவின் கையைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"வேல செஞ்சா கை காந்தத்தான் செய்யும். இன்னும் ஒருநாள். வெண்ணெ தெரளுற நேரத்துல விட்டுறாத."

"ஆபீசருகிட்ட ரெண்டு நாள் தள்ளிக் கேட்டா என்ன?"

"கேக்கலாம். மாசம் முடிஞ்சுரும். எம் பேர எடுத்துருவாங்க, உம் பேரு ஏறியிருக்காது. நடுவுல வீட்டுக்கு வேற ஆளு போட்டாங்கன்னா டிஜோ ஜீப்புலதான் குடித்தனம் பண்ணணும்."

அதுவும் சரியாகத்தான் இருந்தது. சிஞ்சு எழுந்து பழைய துணியைக் கையில் சுற்றிக்கொண்டு பெஞ்சில் ஏறினாள். பல்லைக் கடித்துக்கொண்டு சுரண்டினாள். இந்தப் பக்கம் முடிந்தால் என் வீடு, அந்த மூலை முடிந்தால் என் வீடு என்று அடி அடியாக நகர்ந்தாள். வலி தாங்கவில்லை. ஆசை அதைவிட மோசமானது, அது இறங்க விடவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கடைசிச் சுவர் முடிந்தபோது அலகைக் கீழே போட விரல் விரியவில்லை. பிலோமிதான் ஒவ்வொரு விரலாக விரித்து அலகை எடுத்தாள்.

அன்றைக்கு மரவள்ளிக் கிழங்கு வேகவைத்து மத்திக் குழம்பு வைத்திருந்தாள் பிலோமி. சிஞ்சுவால் கிண்ணத்தைப் பிடிக்க முடியவில்லை.

"ஆ காட்டு" என்றாள்.

"வேணாம் அத்தை, நானே..."

"காட்டுடி. புள்ளைக்கு ஊட்டாத கையா இது?"

முள் எடுத்து, கிழங்கில் பிசைந்து, ஊட்டிவிட்டாள். சிஞ்சு மென்றுகொண்டே அழுதாள். நாம்தான் இந்த மனுஷியைத் தப்பாக நினைத்துவிட்டோம் என்று அழுதாள். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை நமக்குத் தெரியும். இங்கே ஓநாய் அழவில்லை, ஆடுதான் அழுதது.

சனிக்கிழமை ஆபீசர் வந்தார். கோட்டயத்துக்காரர், மலையாளம் கலந்த தமிழ் பேசுவார். அறைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். பட்டை இருந்த இடம் நாலு சுவரிலும் வெள்ளை வெளேரென்று இருந்தது, ஒரு பிசிறு இல்லை.

"நல்லாயிட்டு இருக்கு. ஆரு செஞ்சது?"

"எம் மருமக சார். தனியாளா நின்னு செஞ்சா" என்றாள் பிலோமி பெருமையாக.

"சரி. வெள்ளையடிச்சா மதி, போதும். திங்கக்கிழம பெரட்டுக்குப் புது ஆள் வரணும். சூப்பர்வைசர் கந்தப்பன் பார்த்து ஓகே சொன்னால் பேர் ஏற்றிடலாம்."

சிஞ்சு கையை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு கதவோரம் நின்றாள். வலியெல்லாம் எங்கோ போய்விட்டது போலிருந்தது.

டிஜோ அன்று சாயங்காலம் வந்தான். முந்தானையை விலக்கிக் கையைப் பார்த்தான்.

"என்ன சிஞ்சு இது? ஆசுபத்திரிக்குப் போலாம் வா."

"திங்கக்கிழம பெரட்டு முடியட்டும். அதுக்கப்புறம் நீங்க எங்க கூட்டிட்டுப் போனாலும் வாரேன்."

"அம்மா, இத எப்படி விட்டீங்க?"

"நானா ரப்பர் பால ஊத்தி ஒட்டச் சொன்னேன்?" என்றாள் பிலோமி. டிஜோவுக்கு அதற்கு மேல் கேட்கத் தெரியவில்லை. அவன் முதுகெலும்பு ஒரு விஷயத்துக்குத்தான் போதுமாக இருந்தது, அதை முன்பே செலவழித்துவிட்டான். ஞாயிறு மத்தியானம் டூரிஸ்ட் சவாரி இருக்கிறதென்று வட்டவடைக்குப் போய்விட்டான்.

திங்கள் காலை மழை தூறிக்கொண்டிருந்தது. பெரட்டுக்களத்தில் நாற்பது பெண்கள் கொங்காணியும் படங்கும் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். பிலோமி மருமகளைத் தன் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டாள். இடுப்பில் படங்குச் சாக்கை அவள்தான் கட்டிவிட்டாள். சிஞ்சு இரண்டு கையையும் கொங்காணிக்குள் மறைத்துக்கொண்டிருந்தாள். கொழுந்து கிள்ளப் பழகியவள் இல்லை. ஆனால் பத்து நாளில் பழகிவிடலாம் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். கை இரண்டு நாளில் ஆறிவிடும், அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு கிள்ளிவிடலாம் என்று அவள் கணக்கு.

சூப்பர்வைசர் கந்தப்பன் புத்தகத்தோடு வந்தார். பக்கத்தில் ஆபீசர் குடை பிடித்து நின்றார்.

"பிலோமி வீட்டுப் புது ஆளு யாரு?"

"நாந்தாண்ணே, சிஞ்சு."

"படிச்சிருக்கியா?"

"பத்து பாஸ்."

"நல்லது. பேர எழுதிருவோம்." கந்தப்பன் பேனாவைத் திறந்தார். பேனா முனை தாளைத் தொட்டதைக்கூடச் சிஞ்சு பார்த்தாள்.

"அண்ணே, ஒரு நிமிசம்" என்றாள் பிலோமி.

கொங்காணிக்குள் கையை விட்டு, மருமகளின் வலது கையை வெளியே எடுத்தாள். சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். உள்ளங்கையை மேலே பார்க்கத் திருப்பி, ஆபீசர் முகத்துக்கு நேராக நீட்டினாள். தோல் உரிந்து நீர் வடிந்தது. பக்கத்திலிருந்தவள் ஒருத்தி சேசுவே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மறைக்கக் கூடாது பாருங்க சார். நாளைக்கு ஒண்ணுன்னா எனக்குத்தான் கெட்ட பேரு. முப்பத்திநாலு வருசம் சுத்தமா வேல பாத்துட்டேன்."

ஆபீசர் முகம் மாறியது. அந்த எஸ்டேட் கொழுந்து கப்பலேறிப் போவது. கையில் காயமுள்ளவள் கொழுந்தைத் தொடக் கூடாது, புது ஆளாக எடுக்கவே கூடாது என்பது நாலு வருஷமாக உள்ள சட்டம். சர்ட்டிபிகேட் கொடுக்க வருகிற வெளிநாட்டுக்காரர்கள் வரிசையாகக் கையைத்தான் பார்ப்பார்கள். மலைக்குப் போகிற ஒவ்வொருத்திக்கும் அது மனப்பாடம். மலைக்குப் போகாதவள் சிஞ்சு ஒருத்திதான்.

"இது பற்றில்ல, முடியாது. இதை எடுத்தா என் ஜோலி போகும்" என்றார் ஆபீசர்.

"சார், ரெண்டு வாரத்துல ஆறிரும் சார். சுவரு சுரண்டுனதுதான் சார். நீங்களே பாத்தீங்கல்ல, நல்லாருக்குன்னு சொன்னீங்கல்ல" என்றாள் சிஞ்சு.

"ரெண்டு வாரம் இல்லம்மா. புதன்கிழமயோட மாசம் முடியும். இன்னைக்குப் பேர் போகணும்." அவர் பிலோமியைப் பார்த்தார். "வீட்டில் வேற ஆரும் உண்டோ?"

"மக இருக்கா சார். ஜிஸ்மி. நேத்தே பஸ் ஏறிட்டா, இப்ப மூணாறு ஸ்டாண்டுல நிக்கா. ஒரு மணி நேரத்துல வந்துருவா."

கந்தப்பன் ஒரு கணம் பிலோமியின் முகத்தைப் பார்த்தார். அவரும் அந்த லயத்தில் வளர்ந்தவர்தான், புரியாமலிருக்காது. பிறகு குனிந்து, ஜி என்று எழுத ஆரம்பித்தார்.

பெண்கள் வரிசை கலைந்து மலை ஏறத் தொடங்கியது. சிஞ்சு நின்ற இடத்திலேயே நின்றாள். திறந்த கையில் தூறல் விழுந்து சுள்ளென்று எரிந்தது.

"தெரிஞ்சேதான் குடுத்தீங்களா அத்தை?"

பிலோமி சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு, அவிழ்த்த துணியை உதறி மடித்தாள்.

"பின்ன? கொழுந்துக்காரிக்குக் கையப் பத்தித் தெரியாமப் போகுமா?"

"நான் உங்களுக்கு என்ன செஞ்சேன்?"

"நீ ஒண்ணும் செய்யல. உனக்கு டிஜோ இருக்கான், எங்க போட்டாலும் பொழச்சுக்குவ. அவளுக்கு யாரு இருக்கா?" பிலோமியின் குரல் அப்போது மட்டும் கொஞ்சம் உடைந்தது, உடனே சரிசெய்துகொண்டாள். "வீட்டுக்குப் போயி உன் துணிமணிய அடுப்படிப் பக்கம் மாத்தி வையி. அந்த ரூம்புல அவ படுக்கட்டும். செவுரு நல்லா வந்திருக்கு, அவளுக்குப் பிடிக்கும்."

சிஞ்சுவின் கண் நிறைந்து கன்னத்தில் இறங்கியது. துடைத்துக்கொள்ளக் கையைத் தூக்கினாள், முகத்தில் வைக்க முடியாமல் பாதியில் நிறுத்தினாள். பிலோமி பக்கத்தில் வந்து, தன் முந்தானையை எடுத்து, இரண்டு கண்ணையும் பதமாகத் துடைத்துவிட்டாள்.

"அழாத" என்றாள். "எல்லாரும் பாக்காங்க."